பரணில் கிடக்கும் மடிக்கணினி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் மலையேறி ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வரை வந்தது. எஸ்டேட் லைன் வீடுகள் பலவற்றுக்கு அதுதான் முதல் கணினி. படித்த பிள்ளை கோவைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, மடிக்கணினி பரணுக்குப் போய்விட்டது. கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்.

"பழசாயிடுச்சுங்க, இனி அதுல ஒண்ணும் ஓடாது."

விண்டோஸைப் பொறுத்தவரை இது சரி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 வசதியும் வேண்டும். தொடக்க ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளில் இருந்ததோ 2 ஜிபி ராம். ஆனால் யுனிக்ஸ் வழியில் வந்த டெபியன் லினக்ஸை டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவ 512 எம்பி ராமும் 4 ஜிபி இடமும் போதும். எளிய டெஸ்க்டாப் ஒன்றைச் சேர்த்தாலும் 2 ஜிபிக்குள் அடங்கும். இது அந்த இயந்திரத்துக்குப் புதிதும் அல்ல. விண்டோஸோடு அதில் போட்டுத் தந்த பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியதுதான். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை என்பதே என் ஆதங்கம்.

வருஷக்கணக்கில் பரணில் கிடந்ததை இறக்கினால் முதலில் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். தேதி தவறாக இருந்தால் பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பானது அல்ல' என்று தடுக்கும். லினக்ஸும் புதிய மென்பொருளை ஏற்க மறுக்கும். கணினியே கெட்டுவிட்டது என்று பலர் மூடி வைத்துவிடுவது இந்த இடத்தில்தான். பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியைத் திருத்தினால் தீர்ந்தது. கையோடு பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட முடிந்தால் போடுங்கள். வேகத்தில் அதைப்போலப் பலன் தரும் செலவு வேறில்லை.

"லினக்ஸ்னா கறுப்புத் திரையில டைப் அடிக்கணும், அது இன்ஜினியருங்க வேலை."

டெபியன் நிறுவல் என்பது வரிசையாக வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது. பென் டிரைவிலிருந்து தொடங்கினால் மொழி, நாடு, விசைப்பலகை, இணையம், கணினியின் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். 'ரூட்' கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால், நீங்கள் உருவாக்கும் முதல் பயனருக்கே நிர்வாக உரிமை கிடைத்துவிடும்; வீட்டுக்கு அதுவே வசதி. கடைசிப் பகுதியில் மென்பொருள் தேர்வுப் பட்டியல் வரும். நம் மெலிந்த கணினிக்கு எல்லாமே இந்தத் திரைதான். க்னோம் டெஸ்க்டாப் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும். அவசரத்தில் 'தொடர்' என்று அழுத்தினால் 2 ஜிபி இயந்திரம் மூச்சுத்திணறும், பழி லினக்ஸ் மேல் விழும். அந்த டிக்கை எடுத்துவிட்டு எல்எக்ஸ்க்யூடி என்ற எளிய டெஸ்க்டாப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள். அச்சடிக்க, பாட்டுக் கேட்க என்று மற்றதெல்லாம் தேவைப்படும் நாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

மலையில் இணையம் வருவதும் போவதுமாக இருக்கிறதே என்றால், நெட்இன்ஸ்ட் என்ற சிறிய பதிப்பை விட்டு டிவிடி அளவுப் பதிப்பை நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிக்கொள்ளுங்கள். செல்போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டும் வேலையை முடிக்கலாம். வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேரைத் தேடி அலையும் பழைய தொல்லை, 2023-இல் வந்த டெபியன் 12 முதல் பெருமளவு தீர்ந்துவிட்டது.

"அதுல தமிழ் வராது."

நிறுவலையே தமிழில் நடத்தலாம், கிராஃபிக்கல் முறையைத் தேர்ந்தெடுத்தால். எழுத்து மட்டும் ஓடும் திரையால் தமிழைச் சரியாகக் கோத்துக் காட்ட முடியாது. அதனால் அந்த முறையில் தமிழ் பட்டியலில் இருக்காது. அதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு கிளம்பியிருக்க வேண்டும். குறைந்தபட்ச நிறுவலில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிவதற்குக் காரணம் எழுத்துரு இல்லாமைதான். லோஹித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருவைச் சேர்த்தால் சரியாகிவிடும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகக் கிடைக்கிறது.

"நடுவுல கரண்ட் போனா கம்ப்யூட்டரே போயிடும்."

ஆடிக் காற்றில் கம்பி மேல் மரம் விழும் ஊரில் இந்தப் பயம் நியாயமானது. பழைய மடிக்கணினியின் பேட்டரியும் செத்துத்தான் கிடக்கும். ஆனால் நிறுவல் பாதியில் நின்றால் இயந்திரத்துக்குச் சேதமில்லை. பென் டிரைவிலிருந்து மறுபடி தொடங்கலாம். நிறுவிய பிறகு, டெபியன் வழக்கமாகப் பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைப்பதால், திடீரென அணைந்தாலும் பெரும்பாலும் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு எழும். அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போனால், அதைச் சீராக்க எந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும் என்று அடுத்த முறை அதுவே திரையில் சொல்லும். சேமிக்காமல் விட்ட கடிதத்தை மட்டும் யாராலும் மீட்க முடியாது.

உண்மையான அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. 'முழு வட்டையும் பயன்படுத்து' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழையது அத்தனையும் போய்விடும். பிள்ளையின் பள்ளிப் படங்கள் அதில் இருக்கலாம். நகல் எடுக்காமல் அந்தத் திரைக்குப் போகாதீர்கள்.

"லினக்ஸுக்கு வைரஸே வராது." லினக்ஸ் ஆர்வலர்களே பரப்பும் நம்பிக்கை இது, தவறானது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்கு நிரலுக்குள் யாரோ திட்டமிட்டு ஒரு ரகசியக் கதவை வைத்திருந்தது தெரியவந்தது. டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை அது வந்துவிட்டது. நிலையான பதிப்பைத் தொடவில்லை. ஆகவே வீட்டுக்கு நிலையான பதிப்பையே போடுங்கள், அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். குறைவாக நிறுவினால் கவனிக்க வேண்டியதும் குறைவு என்பது இதில் பெரிய லாபம்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். டேலியில் கணக்கு எழுதுபவர்கள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்துத் தாக்கல் செய்பவர்கள் அந்த வேலைக்கு விண்டோஸை வைத்துக்கொள்வதே நல்லது. பிரவுசரில் பத்துத் தாவல்களைத் திறந்தால் 2 ஜிபி ராம் திணறத்தான் செய்யும். இயங்குதளம் மெலிந்ததால் இணையப் பக்கங்கள் மெலிவதில்லை. கடிதம் எழுத, பாடம் படிக்க, பைதான் பழக, விண்ணப்பம் நிரப்ப அந்த மடிக்கணினி தாராளமாகப் போதும்.

பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 சரியாக இருக்கும். அவற்றைவிடப் பழைய 32-பிட் கணினி என்றால் டெபியன் 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 13-இல் 32-பிட் நிறுவி கிடையாது. 12-க்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு.