ஒரே நாளில் எல்லாருக்கும் ஓய்வு: மாங்கேணிக் குடும்பங்களுக்கு 8 குறிப்புகள்

கடற்தொழில் செய்யும் வீட்டில் ஓய்வே இல்லை என்றில்லை. அப்பாவுக்குக் காலையில், பிள்ளைக்குப் பின்னேரத்தில், அம்மாவுக்கு எல்லாரும் படுத்த பிறகு என்று அது சிதறிக் கிடக்கிறது. அதை ஒரே நேரத்துக்குக் கொண்டுவரச் சில வழிகள்:

1. கலண்டரில் போயா நாட்களை முதலே வட்டமிடுங்கள். அன்று பள்ளிக்கூடமும் கந்தோரும் பூட்டு. நிலவு வெளிச்சத்தில் வலையில் மீன்படுவது குறைவு என்பதால், இரவுத் தொழிலுக்குப் போகிறவர்களில் பலரும் கரையில் நிற்பார்கள். மாதத்தில் இப்படிப் பொருந்தி வரும் நாள் வேறில்லை.

2. அந்த நாளை ரியூசனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். புலமைப்பரிசில் வகுப்புப் பிள்ளைக்கும் இது பொருந்தும். ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது.

3. மற்ற நாட்களில், விடியக் கரைக்கு வந்து படுத்தவரை இடையில் எழுப்பாதீர்கள். நித்திரை கெட்டவர் பின்னேரம் வீட்டில் இருந்தும் சிடுசிடுப்பார். பின்னேரத் தேத்தண்ணி நேரத்தைப் பொதுவாக வையுங்கள். அரை மணித்தியாலம் போதும், போன்கள் அலுமாரிக்குள் இருக்கட்டும்.

4. வெளியே போவதென்றால் முதல் நாளே வேலையைப் பங்கிடுங்கள். மீன் வெட்ட ஒருவர், வெங்காயம் உரிக்க ஒருவர், பாத்திரம் கழுவ ஒருவர். இல்லாவிட்டால் பயண நாள் அம்மாவுக்கு மட்டும் இரட்டை வேலை நாள்.

5. கட்டிக்கொண்டு போக அவித்த மரவள்ளிக்கிழங்கு நல்லது. தேங்காய்ச் சம்பல் வெயிலுக்குப் புளித்துவிடும். தேங்காய் சேர்க்காமல் மிளகாய், வெங்காயம், மாசி இடித்து, தேசிக்காய் பிழிந்து எடுத்துப்போங்கள்.

6. சிறு பிள்ளைகள் குளிக்க, ஆழம் குறைந்த பாசிக்குடா ஏற்றது. ஆனாலும் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் கூட நிற்க வேண்டும். வாடைக்காற்று மாதங்களில் கடலைத் தவிருங்கள். 2019இல் சரணாலயமாக்கப்பட்ட காயான்கேணிக் கடலில் முருகைக்கற்களை மிதிக்கவோ முறிக்கவோ விடாதீர்கள்.

7. கார்த்திகை, மார்கழி மழையில் தோணி கரையேறியிருக்கும் நாட்களையும் வீணாக்க வேண்டாம். தாயம், கொக்கான் எடுத்துப் போடுங்கள். அம்மம்மாவையும் ஒரு பக்கம் சேருங்கள். தொலைக்காட்சி முன்னால் வரிசையாக இருப்பதைவிட இதில் பேச்சு வளரும்.

8. அம்மா வெளிநாட்டில் என்றால், குவைத், கட்டார், சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னே என்பதை நினைவில் வைத்து, அவருக்கு வேலை முடியும் நேரத்தைக் கேட்டு வீடியோ அழைப்பை வையுங்கள். காசுக் கணக்கை வேறொரு நாள் பேசலாம். அன்று பிள்ளை தாயக்கட்டை உருட்டட்டும். எந்தக் காயை நகர்த்துவதென்று அம்மா அங்கிருந்து சொல்லட்டும்.