கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்: எந்தக் கல்லூரியை முதலில் எழுதுவது?



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம் குழுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "புள்ள கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான் படிப்பேன்னு நிக்குது. எந்தக் காலேஜ்னு நமக்கு என்ன தெரியும்?" கணக்குப் புத்தகம் எழுதத் தெரிந்தவர்கள் நாம். வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து கடன் பேசத் தெரிந்தவர்கள். இதையும் தெரிந்துகொள்ள முடியும். தெரியாது என்று ஒதுங்கினால், நமக்காக முடிவெடுக்கப் புரோக்கர் வந்துவிடுவார். அதனால் இந்த மாதப் பாடம், கல்லூரிப் பட்டியல் போடுவது எப்படி என்பதுதான்.

1. விண்ணப்பம் ஒன்று, கல்லூரிகள் பல

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பம்தான். அதுதான் பொறியியல் கலந்தாய்வு. நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டது. 2018-லிருந்து கலந்தாய்வு ஆன்லைனில் நடக்கிறது. 2019-லிருந்து இதைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. 2025-ல் பதிவுக் கட்டணம் 500 ரூபாய். ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 250 ரூபாய்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மாவட்டந்தோறும் கலந்தாய்வு உதவி மையங்கள் உண்டு. அங்கே போனால் விண்ணப்பம் போட உதவுவார்கள்.

இரண்டு விஷயம் தனி. சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றுக்கு ஜே.இ.இ. தேர்வு எழுத வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இந்தக் கலந்தாய்வில் வராது. அவர்கள் தனியாக விண்ணப்பம் வாங்குவார்கள், கட்டணமும் தனி. பெயரில் பல்கலைக்கழகம் என்று இருப்பதாலேயே அதை அண்ணா பல்கலைக்கழகம் மாதிரி அரசு நடத்துவது என்று நினைத்துவிடாதீர்கள்.

2. கட்-ஆஃப் கணக்கு

கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200. ஒரு பிள்ளை கணிதத்தில் 88, இயற்பியலில் 82, வேதியியலில் 90 வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணிதம் அப்படியே 88. இயற்பியலில் பாதி 41. வேதியியலில் பாதி 45. கூட்டினால் 174. இதுதான் அந்தப் பிள்ளையின் கட்-ஆஃப். தமிழ், ஆங்கிலம், கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் இதில் சேராது.

இந்த மார்க்கை வைத்து ரேங்க் போடுவார்கள். போன வருடம் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவில், எந்தச் சாதிப் பிரிவில் எவ்வளவு மார்க்கோடு இடம் முடிந்தது என்ற பட்டியல் கலந்தாய்வு இணையதளத்தில் கிடைக்கும். அதைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரிவுக்கான பத்தியைத்தான் பார்க்க வேண்டும். பொதுப் பிரிவு மார்க்கைப் பார்த்துப் பயந்து நல்ல கல்லூரியை விட்டவர்கள் உண்டு.

3. வரிசைதான் முக்கியம்

இதைக் கவனமாகப் படியுங்கள், சகோதரிகளே. பிள்ளை எழுதுகிற பட்டியலைக் கம்ப்யூட்டர் மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலாவது எழுதிய இடம் காலியாக இருந்தால் அதைக் கொடுத்துவிடும். அதற்குக் கீழே பார்க்காது. இல்லையென்றால்தான் இரண்டாவதைப் பார்க்கும், பிறகு மூன்றாவதை.

பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறோம். "பொன்னி இருந்தா வாங்கு. இல்லேன்னா ஐ.ஆர்.20. அதுவும் இல்லேன்னா இட்லி அரிசி" என்று சொல்லி அனுப்புகிறோம். கடையில் பொன்னி இருந்தால் அவன் மற்றதைக் கேட்கவே மாட்டான். பொன்னி இல்லாவிட்டால், அதை முதலில் கேட்டதற்காக ஐ.ஆர்.20 தர மாட்டேன் என்று கடைக்காரர் சொல்லப் போவதும் இல்லை. கலந்தாய்வும் இப்படித்தான்.

இதிலிருந்து தெரிய வேண்டியது இரண்டு. ஆசைப்பட்ட கல்லூரியை மேலே எழுதி, அது கிடைக்காமல் போனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் "இதுதான் கிடைக்கும்" என்று நினைத்து சுமாரான கல்லூரியை மேலே எழுதினால், கீழே எழுதிய நல்ல கல்லூரியில் இடம் இருந்தாலும் வராது.

பட்டியலை மூன்று பகுதியாகப் போடுங்கள். நம் 174 மார்க் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். முதல் பகுதியில், போன வருடம் 176 முதல் 185 வரை முடிந்த இடங்கள். நடுவில் 170-லிருந்து 175 வரை. கடைசியில் அதற்கும் கீழே முடிந்தவை. ஆனால் பிள்ளையைச் சேர்க்க நமக்குச் சம்மதமான கல்லூரிகள் மட்டும். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் பிடித்தது மேலே.

எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம், உச்சவரம்பு இல்லை. ஐந்தாறு எழுதி நிறுத்திவிட்டு, ஒன்றும் வராமல் தவிக்க வேண்டாம். நாற்பது ஐம்பது வரி எழுதினாலும் தப்பில்லை. ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு வரி, ஐ.டி. ஒரு வரி. சேரவே மாட்டோம் என்கிற கல்லூரியை மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள்.

இடம் ஒதுக்கியதும் பதில் சொல்லச் சில நாள்தான் தருவார்கள். "ஏற்கிறேன்" என்று சொல்லலாம். "ஏற்கிறேன், மேலே உள்ளது கிடைத்தால் மாறுகிறேன்" என்றும் சொல்லலாம். இரண்டாவதைச் சொன்னால், மேலே உள்ளது கிடைத்த உடனே கீழே இருந்த இடம் போய்விடும். சொன்ன தேதிக்குள் பணம் கட்டிச் சேராவிட்டாலும் இடம் போகும். செய்தி போனில்தான் வரும் என்பதால், வீட்டில் எப்போதும் இருக்கிற நம்பரைக் கொடுங்கள்.

4. எது நல்ல கல்லூரி?

அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அங்கே பொதுப் பிரிவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் 200-ஐ ஒட்டியே முடிந்துவிடும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் நல்ல அரசுக் கல்லூரி என்றால் சென்னைதான் என்று இல்லை. கோவை, சேலம், திருநெல்வேலி, காரைக்குடி, வேலூர், பர்கூர், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களில் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பட்டுக்கோட்டை, திருக்குவளை, அரியலூர் போன்ற இடங்களில் அண்ணா பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகள் உண்டு. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் கோவை பி.எஸ்.ஜி., கோவை சி.ஐ.டி., மதுரை தியாகராசர் ஆகியவை பழையவை, பெயர் பெற்றவை.

சுயநிதிக் கல்லூரி என்றால் நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

- கம்ப்யூட்டர் பிரிவில் போன வருடம் தேர்வு எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பாஸ்? அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விவரம் வெளியிடுகிறது, சரிபாருங்கள்.
- தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. சான்று எந்தப் பிரிவுக்கு? இந்தச் சான்று பாடப்பிரிவுவாரியாகத் தருவது. வாசலில் மாட்டிய பலகை மெக்கானிக்கலுக்கு வாங்கியதாக இருக்கலாம்.
- கம்ப்யூட்டர் பிரிவில் படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை உத்தரவு வந்தது? எத்தனை கம்பெனி வந்தது என்பதும், அதிகபட்ச சம்பளம் எவ்வளவு என்பதும் பதில் ஆகாது.
- விடுதியில் வார்டன் இரவில் தங்குகிறாரா? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு?

படிக்கிற பிள்ளைகளிடமும் தனியாகப் பேசுங்கள். "லேப்ல ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் கெடைக்குதா? சார் மேடம் அடிக்கடி மாறுறாங்களா?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

"பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புறதா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் தினமும் போக நாலு மணி நேரம் பேருந்தில் உட்காருகிற பிள்ளையை விட, விடுதியில் தங்குகிற பிள்ளைக்குப் படிக்க நேரம் அதிகம். விடுதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

5. புதுப் பெயர்களைக் கண்டு குழம்ப வேண்டாம்

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., செயற்கை நுண்ணறிவு, சைபர் செக்யூரிட்டி என்று பல பெயர்கள். அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒன்று பி.இ., இன்னொன்று பி.டெக். என்று இருந்தாலும் இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. நல்ல கல்லூரியில் ஐ.டி. கிடைத்தால், சுமாரான கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்காக அதை விட வேண்டாம். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களும் சாஃப்ட்வேர் வேலைக்குப் போகிறார்கள்.

6. பணக் கணக்கு

சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தை அரசு அமைத்த குழு நிர்ணயிக்கிறது. 2017-ல் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பிரிவுக்கு 55,000 ரூபாய் என்று வைத்தார்கள். சேரும்போது அந்த ஆண்டின் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு பேருந்து, விடுதி, தேர்வுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். கல்விக் கட்டணம் 55,000, பேருந்து 25,000, மற்றவை 10,000 என்றால் ஆண்டுக்கு 90,000. நாலு வருடத்துக்கு 3,60,000. முதல் வருடத்தை மட்டும் பார்த்து இறங்கக் கூடாது.

உதவிகளும் உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அப்போதே அறிவித்தார்கள். இப்படிப்பட்ட பிள்ளை, "ஃபீஸ் அதிகம்" என்று பயந்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ளவே கூடாது. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று வாங்குங்கள். கலந்தாய்வில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். இது குடும்பத்தில் ஒருவருக்குத்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகளை ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் போட்டு வையுங்கள்.

மீதிக்கு வங்கிக் கல்விக் கடன் கேளுங்கள். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் தேவையில்லை. குழு உள்கடன் சேர்க்கை நேரத்துச் சில்லறைச் செலவுக்குச் சரி. நாலு வருடப் படிப்பையும் உள்கடனில் ஓட்டினால் குழுவும் திணறும், வீடும் திணறும். கந்துவட்டிப் பக்கம் போகவே வேண்டாம்.

7. முன்பணம் கட்டாதீர்கள்

ரிசல்ட் வருவதற்கு முன்பே வீடு தேடி ஆள் வருவார்கள். "இப்ப இருபதாயிரம் கட்டுங்க, சீட் உறுதி. அப்புறம் கெடைக்காது" என்பார்கள். நகையை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிவிட்டு, பிறகு பார்த்தால் அதே கல்லூரியில் கலந்தாய்விலேயே இடம் காலியாக இருக்கும். நிர்வாக இடத்தில் சேர்ந்தால் 7.5 சதவீதச் சலுகையும் இல்லை, முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. அந்த அவசரத்துக்கு நாலு வருடம் வட்டி கட்டுவது நாம்தான்.

கலந்தாய்வு முடியும் வரை பொறுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பார்த்துச் சரிபார்த்ததும் கல்லூரி திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பது விதி. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர்? யார் யாருக்குச் சான்றுகள் தயார்?
2. நம் ஊரில் இன்ஜினியரிங் படிக்கிற, படித்த பிள்ளை யார்? ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் பேசச் சொல்லலாமா?
3. கல்லூரி பார்க்க இரண்டு மூன்று தாய்மார்கள் சேர்ந்து போனால் என்ன?

பேசி முடித்ததும், யார் எந்த வேலை செய்வது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பட்டியல் எழுதும் நாளில் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு வரிக்கும் "இது ஏன் இதுக்கு மேல?" என்று கேளுங்கள். பிள்ளை காரணம் சொன்னால் பட்டியல் சரி. சொல்ல முடியாவிட்டால் அந்த வரியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.