கப்பற்பட்டியலும் ஊர்ப்பெயரும்

பல குடும்பங்களின் வரலாறு பாட்டனாரின் பெயரோடு நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய தலைமுறையை அறியச் செவிவழிச் செய்திகள் மட்டும் போதா. எழுத்துச் சான்றுகளும் வேண்டும். கடல் கடந்த தமிழரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடும் முயற்சி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுசென்ற முதற்கப்பல் அதுவே. 1911 வரை அவ்வாறு சென்றோர் 1,52,184 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே சென்றவர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தாரும் அவர்களுள் அடங்குவர்.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. அவ்வெண்ணுடன் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள தழும்பு ஆகியவை கப்பற்பட்டியலில் எழுதப்பட்டன. ஆளை அடையாளம் காண அலுவலர் குறித்த தழும்பே, புகைப்படம் இல்லாத முன்னோரின் உருவத்தை இன்று வழித்தோன்றலுக்கு உணர்த்துகிறது.

எனினும், ஊரைக் கண்டறிவது எளிதன்று. காதில் விழுந்த பெயர்கள் ஆங்கில எழுத்தில் பதிவாயின. ல, ள, ழ ஆகிய மூன்றும் ஓரெழுத்தாயின. செங்கல்பட்டு ‘சிங்கிள்புட்’ ஆயிற்று. கூடுவாஞ்சேரி இன்றும் ஆங்கிலத்தில் ‘ஜி’ என்னும் எழுத்திலேயே தொடங்குகிறது. பாக்கம், சேரி என முடியும் ஊர்களோ பல. ஆகவே, வட்டத்தின் பெயரையும் பழைய வருவாய்த்துறை ஆவணங்களையும் ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும். இத்தகைய ஆவணங்கள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

கரையிறங்கியவரின் பிற்கால வாழ்வை அறியப் பழைய இதழ்கள் துணைபுரிகின்றன. 1903இல் டர்பனில் தொடங்கப்பெற்ற ‘இந்தியன் ஒப்பீனியன்’ வார இதழ் தொடக்கத்தில் தமிழ்ப் பக்கங்களையும் கொண்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்தபின் நாடு திரும்பாமல் தங்கியோர்மீது விதிக்கப்பட்ட ஆண்டுக்கு 3 பவுன் வரியை எதிர்த்து 1913இல் வேலைநிறுத்தம் நடைபெற்றது. அவ்விதழ் அதனை விரிவாக வெளியிட்டது. வரி 1914இல் நீக்கப்பட்டது. பட்டியலில் வெறும் எண்ணாக இருந்தவர் இதழில் உரிமைக்காகப் போராடியவராகத் தோன்றக்கூடும். ஆயினும், ஒரே பெயருடையோர் பலர் இருந்தனர். தந்தை பெயர், பதிவு எண், ஆண்டு ஆகியவை பொருந்தினாலன்றி இருவரையும் ஒருவராகக் கொள்ளலாகாது.

அயல்நாட்டில் உள்ள பட்டியலைப் படித்தறிய உள்ளூர் அறிவு இன்றியமையாதது. தம் ஊரைச் சூழ்ந்த சிற்றூர்கள், ஏரிகள், வழக்கொழிந்த பெயர்கள் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு மாணவர்கள் தொகுத்து வைத்தல் வேண்டும். சிதைந்த எழுத்தில் தன் பூட்டனாரின் ஊரைத் தேடும் ஒருவருக்கு அத்தொகுப்பு வழிகாட்டும்.