யாங்கோனில் லைன் விழுந்தால் என்ன செய்வது?

யாங்கோனுக்கு வேலைக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் பர்மிய மொழியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அதனால் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. தெரியாத சொல் காதில் விழுந்தால் யாராக இருந்தாலும் நின்று கேட்டுவிடுவார்கள். ஆளைக் கவிழ்ப்பது தெரிந்த சொல்தான். பர்மியப் பேச்சுக்கு நடுவே 'லைன்', 'பில்', 'கேட்' என்று ஒன்று வந்துவிட்டால், புரிந்துவிட்டது என்று தலையாட்டிவிடுவோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் இருப்பது உளுந்து வியாபாரத்தில். பயின்னவுங் மொத்தச் சந்தையில் கொள்முதல், அங்கிருந்து துறைமுகம், பிறகு சென்னை. நம் இட்லிக்குப் போகும் இறக்குமதி உளுந்தில் பெரும்பங்கு இந்த நாட்டுச் சரக்குதான். 2021இல் இந்தியா ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து வாங்கிக்கொள்வதாக மியான்மருடன் ஐந்தாண்டு ஒப்பந்தமே போட்டது. அதனால் விருதுநகர், சென்னைப் பக்கமிருந்து புதிய ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். முதல் மாதம் அவர்களைப் பழக்கிவிடுவது என் வேலை. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்க் கணக்கு

தமிழில் 'லைன்' எத்தனை வேலை பார்க்கிறது என்று யோசிக்கச் சொல்லி ஆரம்பிப்பேன். ரேஷன் கடையில் லைனில் நிற்கிறோம். போனில் 'லைன்ல இருங்க' என்கிறோம். கரண்ட் போனால் லைன்மேனைத் தேடுகிறோம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகத் தடுத்து வாடகைக்கு விட்டால் லைன் வீடு. ஒரு பெண் பின்னால் சுற்றுகிறவன் லைன் போடுகிறான். கடை கடையாகச் சரக்குப் போடும் ஆளும், வட்டி வசூலுக்குப் போகும் ஆளும் லைனுக்குப் போகிறார்கள். 'எந்த லைன்ல இருக்கீங்க?' என்றால் தொழில். தடை நீங்கினால் லைன் கிளியர்.

இதையெல்லாம் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூட வரும் வினை காட்டிக்கொடுத்துவிடுகிறது. நின்றால் வரிசை, போட்டால் காதல், போனால் வசூல். யாங்கோனிலும் இதே சூத்திரம்தான், வினைகள் மட்டும் வேறு.

லைங்காவும் லைங்கானும்

டவுன் பஸ்ஸுக்கு இங்கே 'லைங்கா' என்று பெயர். லைன் என்பது தடம், 'கா' என்பது கார். பர்மியப் பேச்சில் பஸ், வேன், லாரி எல்லாமே கார்தான். தரகர் 'கார் அனுப்புறேன்' என்று சொன்னால் வாசலைப் பெருக்கிவைத்துக் காத்திருக்க வேண்டாம். வந்து நிற்பது பத்துச் சக்கர லாரியாக இருக்கலாம்.

2017 ஜனவரியில் பழைய பஸ் தடங்களையெல்லாம் கலைத்து, யாங்கோன் பஸ் சர்வீஸ் என்று புதிதாக அடுக்கினார்கள். இப்போது ஒய்.பி.எஸ். என்று எண்ணோடு சொல்வதே வழக்கம். ஆனாலும் லைங்கா என்ற பேச்சு போகவில்லை. பழைய பஸ்ஸில் ஏறினவர்கள் இன்னொரு சொல்லையும் மறக்க மாட்டார்கள்: 'சபெயா'. அது நம் ஸ்பேர்தான். நமக்கு ஸ்பேர் என்றால் இயந்திரத்தின் உதிரி பாகம்; இங்கே அது கதவில் தொங்கிக்கொண்டு வந்த கண்டக்டர்.

அவர் போட்ட சத்தத்தைப் புரிந்துகொண்டால் பாதி ஊர் புரிந்த மாதிரி. நிறுத்தம் நெருங்கும்போது 'சூலே பாலா?' என்பார். சூலேயில் இறங்குகிறவர் உண்டா என்று கேள்வி. உள்ளேயிருந்து யாராவது 'பாதெ' என்று குரல் கொடுத்தால்தான் வண்டி நிற்கும். ஆள் இறங்கியதும் பக்கவாட்டுத் தகரத்தில் ஒரு தட்டு, 'ஸ்வே!' என்று ஒரு கூச்சல். 'இழு' என்று அர்த்தம். நம் கண்டக்டர் 'ரைட்' என்று சொல்லும் அதே இடம். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை இவர் தன் மொழியில் சொன்னார். இவருக்கு இங்கே வைத்த ஆங்கிலப் பெயரை நாம் நம் கண்டக்டருக்கு வைக்கவில்லை. எந்தச் சொல்லைக் கடன் வாங்குவது என்பதை ஒவ்வொரு ஊரும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிறது.

லைங்கா என்பதோடு ஒரு 'ன்' சேர்ந்து 'லைங்கான்' ஆனால் அது பஸ் இல்லை, வீடு. 'கான்' என்றால் அறை. ஊழியர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த குடியிருப்பு. இதைக் கேட்டால் நம் ஆட்களுக்கு லைன் வீடு ஞாபகம் வரும், இலங்கை மலையகத்தவர்களுக்கு லயன் அறை ஞாபகம் வரும். ஞாபகம் வருவது சரிதான். வெள்ளைக்காரர் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் தோட்டக் கூலிகளுக்கும் வரிசைக் கொட்டடி கட்டிய இடமெல்லாம் இந்தச் சொல்லை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வட இந்திய ஊர்களில் போலீஸ் லைன் என்று தனிப் பேட்டையே உண்டு. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். இரண்டு கரையிலும் ஒரே சொல் குடியிருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இதில் கற்க வேண்டியது ஒன்று. பர்மியர்கள் ஆங்கிலச் சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிடுவார்கள், அல்லது மூக்கில் ஏற்றிவிடுவார்கள். கேட் என்பது 'கெய்' என்று நிற்கும். அதனால் சொல்லின் வாலைக் காது தேடக் கூடாது. அடுத்து வரும் அசை என்ன என்று கவனிக்க வேண்டும்.

லைன் விழுவதும் அறுவதும்

அலுவலகத்தில் அதிகம் கேட்கும் லைன் இதுதான். 'லைங் மகாவுங்பூ' என்றால் லைன் நன்றாக இல்லை, குரல் உடைகிறது. 'லைங் சாதெ' என்றால் லைன் விழுந்துவிட்டது. கம்பம் எதுவும் சாயவில்லை. இணையம் மெதுவாகிவிட்டது, அவ்வளவுதான். கோப்பை அனுப்பிவிட்டுப் பொறுத்திருந்தால் போய்ச் சேரும். 'பியா' என்ற வினை சேர்ந்தால் அறுந்துவிட்டது என்று பொருள். அப்போது காத்திருந்து பயனில்லை, காகிதத்தோடு ஆளை அனுப்ப வேண்டியதுதான். 2021 பிப்ரவரியில் இரவுகளிலும், மார்ச் நடுவிலிருந்து முழு நாளும் மொபைல் இணையம் நிறுத்தப்பட்டபோது இந்த இரண்டு வினைகளின் வித்தியாசம் இங்கே பிழைப்பு நடத்தும் எல்லோருக்கும் மனப்பாடம் ஆயிற்று.

கரண்ட் விஷயத்தில் மட்டும் ஆங்கிலத்தைத் தேடாதீர்கள். மின்சாரம் இவர்களுக்கு 'மீ', அதாவது நெருப்பு. மின்சாரம் திரும்பி வந்தால் 'மீ லா பி' என்று தெருவே சொல்லும். நெருப்பு வந்துவிட்டது என்று யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால் பதறாமல் மோட்டாரைப் போடுங்கள்.

பில் தீர்ந்துபோச்சு

கணக்குப் பிரிவுக்கு வருகிறவர்களை நான் தனியாக உட்காரவைத்துச் சொல்வது பில் பற்றி. நம் ஊரில் பில் என்பது நாம் கொடுக்க வேண்டிய பணம். யாங்கோனில் 'பே' என்று சொல்லப்படும் பில், கைப்பேசியில் நாம் போட்டுவைத்திருக்கும் பணம். ரீசார்ஜ் செய்வது 'பில் நிரப்புவது'. பெட்டிக்கடையில் 'பே ஷிலா?' என்று கேட்டால் டாப்-அப் உண்டா என்று கேட்பதாக அர்த்தம். 'பே கோன் பி' என்றால் இருப்புத் தீர்ந்தது. தரகர் போனில் பதற்றமாக 'பில் முடியப்போகுது' என்றால் பாக்கி தீர்கிறது என்று சந்தோஷப்படக் கூடாது. இன்னும் அரை நிமிடத்தில் பேச்சு துண்டிக்கப்படும், விலையைச் சீக்கிரம் சொல்லுங்கள் என்கிறார்.

இதற்குக் காரணம் இந்த நாட்டில் கைப்பேசி வந்த விதம் என்பது என் கணிப்பு. நம் ஊரில் மாதம் முடிந்து பில் கட்டிய லேண்ட்லைன் தலைமுறை ஒன்று இருந்தது. இங்கே சிம் கார்டு வெகுகாலம் பணக்காரர் பொருள். 2014இல் ஊரிடூ, டெலிநார் என்ற போன் கம்பெனிகள் 1500 சாட்டுக்கு (சாட் இந்த நாட்டுப் பணம்) சிம் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் சாமானியர் கைக்குப் போன் வந்தது. அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே முன்பணம்தான்.

அப்படியானால் நம் பில்லுக்கு இங்கே என்ன பெயர்? 'பவுச்சா', அதாவது வவுச்சர். கடை ரசீது, மூட்டைக் கணக்குச் சீட்டு, எல்லாம் பவுச்சாதான். சாப்பாட்டுக் கடையில் 'ஷின் மெ' என்றால் போதும், கணக்கைத் தீர்க்கிறேன் என்று பொருள், சீட்டு தானாக வரும்.

கேட் திறப்பதில்லை, பெரி மிதப்பதில்லை

எங்கள் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தாத்தா காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். புதுப் பையன் ஒருவனிடம் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: 'தம்பி, மூட்டைய கெய்ல போட்டுட்டு பவுச்சா வாங்கிட்டு வந்துருங்க.' பையன் கம்பெனி கேட் பக்கம் திரும்பினான். அவர் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து லாரிகள் நிற்கும் தெருவைக் காட்டினார்.

இங்கே கேட் என்றால் வண்டி புறப்படும் இடம். மாண்டலேக்குப் போகும் லாரிக்கு ஒரு கெய், மோல்மைனுக்கு ஒரு கெய். நம் லாரி ஆபீஸ், பார்சல் சர்வீஸ் எல்லாம் இதற்குள் அடங்கும். நெடுந்தூரப் பஸ் கம்பெனிகளுக்கும் ஆளுக்கொரு கெய் உண்டு. வெளியூருக்கு ஒரு பெட்டி அனுப்ப வேண்டுமென்றால் 'எந்த கெய்?' என்பதுதான் முதல் கேள்வி. ஊர் பெயரோடு கெய் பெயரையும் எழுதி வாங்காமல் சரக்கை வண்டியில் ஏற்றாதீர்கள்.

வேலைக்கான விளம்பரங்களில் 'பெரி உண்டு' என்று போட்டிருக்கும். சொல் ஃபெர்ரிதான், ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். பெரி என்றால் ஊழியரை வீட்டருகே ஏற்றி இறக்கும் கம்பெனி வண்டி. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேனும் பெரிதான். லைங்தாயா தொழிற்பேட்டையில் மாலையில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்களை நிரப்பிக்கொண்டு வரிசையாகப் போவதும் பெரிதான். ஆற்றைக் கடக்கும் பெரியை, அதாவது பன்சோடான் படித்துறையிலிருந்து டலாவுக்குப் போவதை, 'தின்போ' என்பார்கள். 2014இல் ஜப்பான் கொடுத்த, செர்ரி என்று பெயர் கொண்ட மூன்று கப்பல்கள் அந்தத் துறையில்தான் வந்து இறங்கின.

பழகிக்கொள்ள வேண்டியவை

சொல்லைத் தனியாக எழுதி வைக்காதீர்கள். லைன் என்று எழுதிப் பக்கத்தில் ஐந்து அர்த்தம் எழுதினால் ஒன்றும் நிற்காது. 'லைங் சாதெ — காத்திரு', 'பே கோன் பி — சீக்கிரம் பேசு' என்று முழு வாக்கியமும் அதற்கு நாம் செய்ய வேண்டியதும் எழுதுங்கள்.

உங்கள் உச்சரிப்பைத் திருத்தமான ஆங்கிலமாக்க முயல வேண்டாம். கேட், ஸ்பேர் என்று அழுத்திச் சொல்லச் சொல்ல எதிராளிக்குப் புரிவது குறையும். அவர் வாயில் வந்தபடியே திருப்பிச் சொல்லுங்கள்.

பணம், சரக்கு, நேரம் மூன்றிலும் ஒற்றைச் சொல்லை நம்பாதீர்கள். 'பில் அனுப்புகிறேன்' என்று செய்தி வந்தால், எதற்கான சீட்டு, எத்தனை சாட், யார் யாருக்குக் கொடுப்பது என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களும் நம் ஆங்கிலத்தோடு இதே பாடுதான் படுகிறார்கள்.

அவர்களுக்கும் நம் பக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள். 'லைனுக்குப் போயிருக்கார்' என்று விருதுநகரிலிருந்து பதில் வந்தால், அங்கே போன் பழுதாகவில்லை, வசூல் நடக்கிறது என்று எங்கள் பர்மியக் கணக்காளருக்கு இப்போது தெரியும். மாலையில் மறுபடி கூப்பிடுவார்.

பர்மிய எண்களை முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள். சந்தை விலைப்பலகைக்கும் மூட்டைக் குறிக்கும் அது போதும். மற்றவை தானாக ஒட்டிக்கொள்ளும். அதற்கு அடையாளம் ஒன்று உண்டு: இரண்டாம் மாதம் வேறு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தால், நம் பையன்கள் சம்பளத்துக்கு முன்னால் கேட்பது 'பெரி உண்டா?' என்றுதான். அதன் பிறகு நான் அவர்களுக்குப் பாடம் எடுப்பதில்லை.