பரண்காரன் வாயைக் கட்டலாமா?
(பாயிண்டரும் பொய் வார்னிங்கும்)

மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை



சி லேபில் நாம் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கம்பைல் செய்ததும் 'வார்னிங்' வரிசையாக வரும். "எர்ரர் இல்லையே, ஓடுது, விடுடா" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த வருடக் கண்காட்சியில் என் மேஜையிலிருந்து தண்ணீர் வழிந்து தரையெல்லாம் ஓடியதை உங்களில் பலர் பார்த்துச் சிரித்தீர்கள். அது ஏன் வழிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் ஜவ்வாது மலைக்காரன். காவலூர் வானாய்வகம் இருக்கிற அதே மலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான்தான். எங்கள் ஊர் தொட்டிக்கு மோட்டார் போட்டால் நிறுத்த ஆள் இருக்காது. நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும். தொட்டி நிரம்பினால் தானே மோட்டாரை நிறுத்தும் கருவிதான் என் புராஜெக்ட். அர்டுயினோ யூனோ போர்டில் உள்ள ஏடிமெகா 328பி சிப்பில், நேரடியாக சி மொழியில் எழுதினேன். கம்பைலர், தனியாக நிறுவிய ஜிசிசி 12.

முதல் கம்பைலிலேயே 14 வார்னிங். எல்லாம் ஒரே மாதிரி: "சுழி உறுப்புகள் உள்ள வரிசைக்கு வெளியே போகிறாய்." நான் வரிசை எதையும் தொடவே இல்லை! மோட்டாரை இயக்க போர்ட் பி-யில் ஒரு பிட்டை ஏற்றினேன், அவ்வளவுதான்.

இது ஏன் வருகிறது?

பாயிண்டர் என்பது வெறும் விலாசம். கதவு எண்ணைச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம். உள்ளே எத்தனை அறை என்று கதவு எண் சொல்லாது. அதுபோலத்தான் பாயிண்டரிலும் அளவு கிடையாது. நாம் வரிசையை அறிவித்த இடத்தையோ, மேலாக் கேட்ட அளவையோ பார்த்துத்தான் கம்பைலர் 'இங்கே இத்தனை பைட்' என்று கணக்கு வைக்கிறது.

போர்ட் பி-க்கு அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. ஹெடர் ஃபைலில் அது 37 என்ற எண்தான். அந்த எண்ணையே பாயிண்டராக மாற்றி * போட்டிருப்பார்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் நினைவகத்தின் முதல் 4096 பைட்டை புரோகிராம்கள் தொடாதபடி சிஸ்டம் பொதுவாகக் காலியாக விட்டிருக்கும். அங்கே ஒரு புரோகிராம் 37-ஐத் தொட்டால், நல் பாயிண்டரை வைத்துக்கொண்டு ஸ்டிரக்சரின் 37-வது பைட்டைத் தேடுகிறது என்றே பொருள். அது நிஜத் தப்பு. ஆகவே ஜிசிசி 12, 4096-க்குக் கீழே உள்ள எண் விலாசத்தில் பொருளே இல்லை, அளவு சுழி என்று எடுத்துக்கொண்டது.

ஆனால் நம் சிப்பைப் பாருங்கள். ரிஜிஸ்டர்களுக்கு 256 பைட், ரேம் 2048 பைட், ஆக மொத்தம் 2304. அதன் ஊரே 4096-க்குக் கீழேதான் இருக்கிறது! கம்பைலர் பொய் சொல்லவில்லை; பட்டணத்துக் கணக்கை மலைக்குக் கொண்டுவந்துவிட்டது.

நான் செய்த தவறு

யாரோ சொன்னார்கள் என்று சிறிய டபிள்யூ ஆப்ஷனைப் போட்டேன். 14 வார்னிங்கும் காணோம். ஏன், எல்லா வார்னிங்கும் காணோம்!

கண்காட்சிக்கு முந்தின ராத்திரி. அதுவரை டிஸ்பிளேயில் 'ஃபுல்' என்று வந்ததை, பார்க்க நன்றாயிருக்கட்டும் என்று 'டேங்க் ஃபுல்' ஆக்கினேன். ஆங்கிலத்தில் இடைவெளியோடு 9 எழுத்து, முடிவுக்கு ஒரு சுழி, ஆக 10 பைட். நான் ஒதுக்கியிருந்த வரிசை 8 பைட். ஸ்டிரக்சரில் அதற்கு அடுத்து இருந்த பைட்தான் மோட்டார் நிலை. தொட்டி நிரம்பியதும் புரோகிராம் மோட்டாரைச் சுழி ஆக்கியது. உடனே செய்தியை எழுதியது. கடைசி 'எல்' எழுத்து, அதாவது 76, மோட்டார் பைட்டில் போய் உட்கார்ந்தது. சுழி அல்லாத எதுவும் 'ஓடு' என்றுதானே அர்த்தம்? டிஸ்பிளேயில் 'டேங்க் ஃபுல்', கீழே தரையில் தண்ணீர்.

அன்றைக்கு அப்பா இரண்டு பஸ் மாறி, மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். ஒன்றும் பேசாமல் என்னோடு சேர்ந்து தரையைத் துடைத்தார். சாயங்காலம் நடந்ததை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கேட்டுவிட்டு, "ஏம்பா, பரண்ல காவலுக்கு இருக்கறவன் காத்துக்கெல்லாம் கத்தறான்னு அவன் வாயக் கட்டிட்டா, பன்னி வரப்ப யாருப்பா கத்துவா?" என்றார்.

அன்றிரவே அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டுக் கம்பைல் செய்தேன். 15 வார்னிங். பதினைந்தாவது சொன்னது: "8 பைட் இடத்தில் 10 பைட் எழுதுகிறாய்."

சரியான வழி

1. முதலில் கேளுங்கள்: இந்தப் பாயிண்டர் எதைக் காட்டுகிறது? அங்கே நிஜமாக எத்தனை பைட்? நான் எத்தனை எழுதுகிறேன்? மூன்றுக்கும் விடை தெரியாமல் எந்த வார்னிங்கையும் பொய் என்று சொல்லாதீர்கள்.

2. பொய்தான் என்று தெரிந்தால், காரணத்தை மட்டும் திருத்துங்கள். இங்கே, கம்பைலருக்கு 'மின்-பேஜ்சைஸ்' என்ற அளவுருவைச் சுழி என்று கொடுத்தால் போதும். அந்த 14-ம் மறையும், பதினைந்தாவது நிற்கும். 2023-ல் ஜிசிசியின் ஏவிஆர் பகுதியிலேயே இந்த மாற்றத்தைச் செய்துவிட்டார்கள். ஆக, புதிய பதிப்புக்கு மாறுவதும் ஒரு வழி.

3. ஒரே ஓர் இடத்தில் மட்டும் தொல்லை என்றால், பிராக்மா போட்டு அந்த வரிகளுக்கு மட்டும், அந்த ஒரு வார்னிங்கை மட்டும் நிறுத்தி, முடிந்ததும் மீட்டுவிடுங்கள். ஏன் நிறுத்தினோம் என்று பக்கத்தில் ஒரு கமென்ட்.

4. உண்மை வார்னிங் என்றால் அளவைச் சொல்லிக்கொடுங்கள். ஸ்டிரிங்காப்பிக்குப் பதில் ஸ்என்பிரிண்ட்எஃப். அதற்கு வரிசையின் சைஸ்ஆஃப். கவனம்: ஃபங்ஷனுக்குள் போன வரிசை பாயிண்டராகிவிடும். அங்கே சைஸ்ஆஃப் கேட்டால் நம் சிப்பில் 2 என்றுதான் வரும். அளவைத் தனி எண்ணாகக் கூடவே அனுப்புங்கள்.

பெரியவர்களுக்கும் இந்தத் தொல்லை வந்தது. 2022 ஜூனில் லினக்ஸ் கெர்னலில் லினஸ் டோர்வால்ட்ஸ், ஜிசிசி 12-க்கு மட்டும், வரிசை எல்லை வார்னிங்கை நிறுத்தினார். எல்லா வார்னிங்கையும் நிறுத்திவிடவில்லை என்பதை கவனியுங்கள்.

இப்போது வரிசைக்கு 17 பைட் கொடுத்திருக்கிறேன்: டிஸ்பிளேயின் ஒரு வரிக்கு 16, முடிவுக்கு 1. கம்பைல் செய்தால் ஒரு வார்னிங்கும் இல்லை. ஒன்றையும் வாயைக் கட்டவும் இல்லை. கருவி எங்கள் ஊர் தொட்டியில் மாட்டியிருக்கிறது. போன வாரம் அப்பா போனில் சொன்னார்: "நின்னுருச்சுப்பா."