பழைய விசைப்படகில் கூடுதல் பாரம்

பழைய மரப் படகில் வின்ச், பெரிய டீசல் தொட்டி, கூடுதல் ஐஸ் பெட்டி என்று சேர்ப்பவர்கள் அவற்றின் எடையைக் கணக்கிடுவதில்லை. நீர்மட்டத்தில் 30 சதுர மீட்டர் பரப்புள்ள படகில் 1 டன் ஏறினால் 3 செ.மீ.க்குச் சற்று அதிகமாக அமிழும். இது சிறிதுதானே எனலாம். ஆனால் நாள்பட்ட மரம் நீர் ஊறி ஏற்கெனவே கனத்திருக்கும். பாரம் பின்பக்கம் சேர்ந்தால் வேகம் குறையும். டீசல் செலவு கூடும். கூரை மேல் ஏற்றும் எடையே மிகவும் ஆபத்தானது. அலையில் சாய்ந்த படகு முன்போல் வெடுக்கென்று நிமிராமல் மெதுவாக, சோம்பலாக நிமிர்ந்தால் மேல்பாரம் மிகுந்துவிட்டது என்று அறியவேண்டும். கூரையிலுள்ள வலை, கயிறுகளை உடனே கீழே இறக்கவேண்டும். அடியில் கல் போட்டுச் சரிக்கட்டினால் படகு மேலும் அமிழும். தளத்தில் அலைநீர் எளிதில் ஏறும். கருவி பொருத்துமுன் அமைதியான நீரில் முன்னும் பின்னும் நீர்மட்டத்தைப் பெயின்டால் குறித்துக்கொண்டு, பொருத்தியபின் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.