திங்கட்கிழமையும் அவர் இருக்கிறார்



ஞாயிறு ஆராதனையில் தேவ பிரசன்னம் இறங்கும்படி கண்ணீரோடு கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் இறங்கி வரும்படி கேட்டுக் கேட்டே, அவர் ஏற்கெனவே இங்கே இருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோமோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு.

நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தபோது பியூரிட்டன் போதகர்களைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்து சபையின் ஆராதனையும் ஜனங்களின் ஜீவியமும் வேதத்தின்படி சுத்திகரிக்கப்பட வேண்டுமென்று போராடினவர்கள் இவர்கள். சிரிக்கவே தெரியாதவர்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். ஸ்டீபன் சார்னாக் (1628–1680) என்பவரைப் படித்த பிற்பாடு அந்த எண்ணம் மாறிப்போயிற்று.

1660ல் மன்னராட்சி திரும்பியதும், டப்ளின் பட்டணத்தில் அவருக்கிருந்த ஊழியம் போய்விட்டது. சுமார் 15 வருஷம் நிலையான சபை இல்லை. 1666ல் லண்டன் பெருந்தீயில் அவருடைய புத்தகங்களும் எரிந்துபோயின. 1675ல்தான் லண்டனில் தாமஸ் வாட்சனோடு சேர்ந்து ஒரு சபையை மேய்க்கிற சிலாக்கியம் கிடைத்தது. பிரசங்க பீடத்தையும் புத்தகங்களையும் இழந்த இந்த மனுஷன் தேவனுடைய குணாதிசயங்களைப் பற்றி எழுதினவை, அவர் மரித்த பின்பே அச்சில் வந்தன.

அதிலே எரேமியா 23:24ஐ எடுத்து, தேவன் எங்கும் நிறைந்திருக்கிறதை விளக்குகிறார். வானத்தில் ஒரு பங்கும் பூமியில் ஒரு பங்குமாக அல்ல. எங்கும் அவர் முழுமையாய் இருக்கிறார். தம்முடைய ஜனத்தோடு கிருபையினால் விசேஷமாய் இருப்பது வேறு. நம்ம பெந்தெகொஸ்தே ஜனங்களுக்கு இந்த இரண்டாவது நல்லாத் தெரியும். முதலாவதில்தான் கோட்டை விடுகிறோம். சங்கீதம் 14:1ல் வருகிற மதிகேடனைப் பற்றியும் சார்னாக் பேசுகிறார். தேவன் இல்லை என்று வாயினால் சொல்லுகிறவன் மாத்திரமல்ல, அவர் இல்லாததுபோல ஜீவிக்கிறவனும் அந்தக் கூட்டத்தில்தான் சேருகிறான்.

இது என்னைத்தான் குத்திற்று. வாரநாட்களில் நான் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன். ஒருதரம் பஸ்ஸில் போய்விட்டு, பயணச் செலவு பில்லில் ஆட்டோ என்று எழுதிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்கிற தம்பி சும்மா அந்தப் பக்கமாய் வந்தான். என் கை தானாகவே காகிதத்தை மூடிற்று. முந்தின நாள்தான் யோசேப்பைக் குறித்துப் பிரசங்கித்திருந்தேன் (ஆதியாகமம் 39:9). இருபத்தைந்து வயசுப் பையனுக்குப் பயந்த கை, அவனுக்கு முன்னமே அந்த மேஜையருகில் இருந்தவருக்குப் பயப்படவில்லையே! அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

சங்கீதம் 139ஐ வாசித்துப் பாருங்கள். தாவீதுக்கு ஓடி ஒளிய இடமில்லை. ஆனாலும் எங்கே போனாலும் பிடித்துத் தாங்குகிற கரமும் அங்கேதான் இருக்கிறது. 15 வருஷம் பீடமில்லாமல் இருந்த சார்னாக் இதைப் போதித்தார் என்றால், அது வெறும் கல்லூரிப் பாடமாய் இருந்திருக்காது.

நான் அந்தப் பில்லைக் கிழித்துவிட்டு வேறே எழுதிக் கொடுத்தேன். காசாளர் பார்த்துவிட்டு, "என்ன பாஸ்டர், போன மாசமெல்லாம் ஆட்டோதானே போட்டிருந்தீங்க?" என்று கேட்டார். போன மாசத்துப் பணத்தையும் எண்ணிக் கட்டவேண்டியதாயிற்று.